கால் என்றால் லெக்கா, ஃபுட்டா?

லண்டன் வந்த புதிதில் படியில் இடறி பாதம் வீங்கிவிட்டது. கிளினிக்குக்கு போன் செய்து, "மை லெக் இஸ் பெயினிங்" என்றேன். எதிர்முனையில் முழங்காலா, தொடையா, எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கோ எரிச்சல். கால் என்றுதானே சொன்னேன்!

வம்பு அங்கேதான். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே கால். பாதம் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டோம். செருப்புகூட காலில்தான் போடுகிறோம். ஆங்கிலத்தில் கணுக்காலுக்கு மேலே லெக், கீழே ஃபுட். செருப்பு போடுவது ஃபீட்டில்.

ஒரு தாளில் என் காலையே வரைந்து எழுதி வைத்தேன்: தொடை தை, முழங்கால் நீ, கெண்டைக்கால் காஃப், குதிகால் ஹீல். ஒரு வாரம் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

வாக்கியத்தையும் மாற்றினேன். 'பெயினிங்' வேண்டாம், 'மை ஃபுட் ஹர்ட்ஸ்' போதும். இரண்டு பாதமும் வலித்தால் 'மை ஃபீட் ஹர்ட்'. கடைசி 'ஸ்' போய்விடும். ஃபூட்ஸ் என்று இழுத்தால் அது சாப்பாடு!

அளவில்தான் இன்னும் தடுமாறுகிறேன். சுவர் 6 ஃபீட் உயரம். ஆனால் அதையே சுவர் என்ற சொல்லுக்கு முன்னால் வைத்தால் 'எ சிக்ஸ்-ஃபுட் வால்'. நடந்து வந்தேன் என்பதற்கு 'ஆன் ஃபுட்', எத்தனை கால் இருந்தாலும்.

கைக்கும் இதே கதைதான்: மணிக்கட்டுக்கு மேலே ஆர்ம், கீழே ஹேண்ட். அதற்கு இன்னொரு தாள் ஒட்டியாயிற்று.