ஊதா தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா? அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளில் முருங்கைப் பூவுக்கும் செம்பருத்திக்கும் இந்த இரண்டு தேன்சிட்டுகளும் வரும். கறுப்பாக மின்னும் ஆணைப் பார்த்ததுமே ஊதா தேன்சிட்டு என்று எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. தூரத்தில் லோட்டனும் கறுப்புதான். அந்தப் பளபளப்பு, இறகிழைகளின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. வெயில் பறவைக்குப் பின்னால் இருந்தால் ஊதாவும் தெரியாது, பச்சையும் தெரியாது. காலையில் கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள்.

நிறத்துக்கு முன்னால் அலகைப் பார்க்க வேண்டும். ஊதாவின் அலகு சுமார் 2 செ.மீ., இலேசான வளைவு. லோட்டனுக்கு 3 செ.மீ.யை நெருங்கும், தலையைவிட நன்றாக நீண்டு அரிவாள்போல் வளைந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு படத்தை நம்பாதீர்கள். அலகு கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால் நீளம் குறுகித் தெரியும், பக்கவாட்டுப் படம்தான் உதவும். கூட்டைவிட்டுப் புதிதாக வெளிவந்த லோட்டன் குஞ்சுக்கு அலகு முழுதாக வளர்ந்திருக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

மார்பில் அரக்குச் சிவப்புப் பட்டை தெரிந்தால் லோட்டன் என்பார்கள். இது பாதிதான் சரி. ஊதா ஆணுக்கும் சில கோணங்களில் மெல்லிய செம்பழுப்புக் கோடு தெரியும். பட்டைக்குக் கீழே வயிறு மங்கிய பழுப்பா, கருநீலமா என்று பாருங்கள். பழுப்பு என்றால் லோட்டன். இறக்கையடியில் எட்டிப்பார்க்கும் மஞ்சள் குஞ்சம் இரண்டுக்கும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதா ஆண் மஞ்சள் அடிப்பக்கத்துடன், தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கருங்கோட்டுடன் திரியும். அதை வேறொரு இனம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெண்களிடம்தான் உண்மையான சிக்கல். தொண்டை சாம்பல் வெள்ளை, மார்பு மஞ்சள் என்றால் அது மூன்றாவது இனமான ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. தொண்டையும் மஞ்சளாக இருந்தால் அலகு மட்டுமே வழி. அலகு சரியாகத் தெரியவில்லையா? பட்டியலில் வெறுமனே 'தேன்சிட்டு' என்று பதியுங்கள்; ஊகித்து எழுதிய பெயரைவிட அது நேர்மையான பதிவு.

கூட்டை வைத்தும் சொல்லலாம்: ஊதாவின் கூட்டு வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரம் நீட்டியிருக்கும், லோட்டன் கூட்டில் பெரும்பாலும் இருக்காது. அதைத் தொலைநோக்கியில் தள்ளி நின்றே பாருங்கள். படத்துக்காக மறைக்கும் கிளையை ஒடித்தால் குஞ்சுகள் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் படும்.