கடைசி ஆட்டத்தில் தோற்றால் லாபமா? என்.எஃப்.எல். டிராஃப்ட் கணக்கைப் போடும் முறை

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றுகள்) வாய்ப்புள்ள அணியின் ரசிகர்கள் மேலே பார்ப்பார்கள். மற்றவர்கள் பட்டியலைத் தலைகீழாகப் படிப்பார்கள். என்.எஃப்.எல். லீகில் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்ட்டில் மோசமாக ஆடிய அணிதான் புது ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும்; அந்தத் தேர்வு உரிமைதான் பிக். "இனி ஜெயித்து என்ன ஆகப்போகிறது, தோற்றாலாவது நல்ல பிக் கிடைக்குமே" என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பல ஆண்டுகளில் அந்த ஒரு தோல்வியின் விலை நான்காம் சுற்று பிக் ஒன்றைத் தாண்டாது. சில ஆண்டுகளில் மட்டும் அது ஒரு குவார்ட்டர்பேக்கின் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) விலை. உங்கள் அணி எந்த வகை ஆண்டில் இருக்கிறது என்பதைக் கீழ்க்கண்டவாறு கண்டுபிடிக்கலாம்.

முதலில், பிக் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 சீசனில் கரோலைனா பேந்தர்ஸ் 2-15 (2 வெற்றி, 15 தோல்வி) என்று லீகிலேயே கடைசியில் முடித்தது. ஆனால் அந்த முதல் சுற்று பிக்கை சீசன் தொடங்கும் முன்பே சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. தோற்றது பேந்தர்ஸ், குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை முதலாவதாக எடுத்தது பேர்ஸ். பிக் இல்லையென்றால் கணக்கு இங்கேயே முடிந்தது. போய் ஜெயிக்கப் பாருங்கள்.

இடத்தைக் கணக்கிடுதல்

டிராஃப்ட் 7 சுற்று, 32 அணிகள். பிளேஆஃப் போகாத 18 அணிகள் முதல் 18 இடங்களைப் பெறும். மோசமான ரெக்கார்டு உள்ளவருக்கு முதல் இடம். கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் இருப்பதுபோல இடத்தைக் குலுக்கலில் முடிவு செய்யும் லாட்டரி கிடையாது. அதனால் ஒவ்வொரு தோல்விக்கும் நேரடி மதிப்பு உண்டு. டிராவில் முடிந்த ஆட்டம் அரை வெற்றி, அரை தோல்வி.

ரெக்கார்டு சமமானால், எளிய எதிரிகளோடு ஆடியவருக்கு முன்னுரிமை. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உங்கள் 17 எதிரிகளின் வெற்றிகளையும் கூட்டி, அவர்கள் ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுக்க வேண்டும். சொந்த டிவிஷனில் (நான்கு அணிகள் கொண்ட பிரிவில்) உள்ள மற்ற மூன்று அணிகளோடு இரண்டு முறை ஆடுவதால் அவர்களை இரண்டு முறை சேர்க்க வேண்டும். சீசன் முடிவில் வகுக்கும் எண் 17 × 17 = 289. எண் குறைவாக வந்தால் உங்களுக்கு நல்லது. ஓர் எதிரியின் ஓர் ஆட்டம் இந்த எண்ணை ஏறக்குறைய 0.0035 நகர்த்தும். போட்டி அணிக்கும் உங்களுக்கும் இடைவெளி 0.003 என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கோ நடக்கும் வேறொரு ஆட்டமே இடத்தைப் புரட்டிவிடும். 0.020 என்றால் அது ஆறு ஆட்டங்களின் வித்தியாசம். கடைசி வாரத்தில் மாறுவது கடினம்.

2020இல் நியூயார்க் ஜெட்ஸ் 0-13 என்று இருந்து, ராம்ஸை 23-20 என்று வென்றது. அதன்பின் ஜெட்ஸும் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸும் 1-13 என்று சமம். ஆனால் ஜாகுவார்ஸின் எதிரிகள் எளியவர்கள் என்பதால் முதல் இடம் அந்த நிமிடமே கைமாறியது.

ஒரு சின்ன விஷயம்: சம ரெக்கார்டு உள்ள அணிகள் இரண்டாம் சுற்றிலிருந்து தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ளும். அதனால் எதிரி பலத்தால் கிடைக்கும் லாபம் முதல் சுற்றோடு நின்றுவிடும்.

இப்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஜெயித்தால் எந்த இடம், தோற்றால் எந்த இடம். உங்களுக்குச் சமமாகவோ ஒரு வெற்றி கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள அணிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இடத்துக்கு விலை போடுதல்

1990களில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சனின் பெயரில் வழங்கும் புள்ளி அட்டவணை இன்றும் பேரத்தின் தொடக்கப் புள்ளி. அதில் முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, மூன்றாவது 2200, நான்காவது 1800. அதன்பின் சரிவு மெதுவாகிறது: ஐந்தாவது 1700, ஆறாவது 1600, பத்தாவது 1300, பதினான்காவது 1100, பதினைந்தாவது 1050.

முதல் இடத்திலிருந்து இரண்டுக்கு விழுந்தால் இழப்பு 400 புள்ளி. அது 50ஆவது பிக்கின் விலை, அதாவது இரண்டாம் சுற்றின் நடுப்பகுதி. ஐந்திலிருந்து ஆறுக்கு விழுந்தால் 100 புள்ளி. 100ஆவது பிக்கின் விலை. பதினான்கிலிருந்து பதினைந்துக்கு என்றால் வெறும் 50. நான்காம் சுற்றில் எடுக்கும் ஓர் ஆட்டக்காரருக்காக யாரும் சொந்த அணி தோற்க வேண்டுமென்று நேர்ந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த அட்டவணையும் உச்சியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே விலை போடுகிறது. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அணிகள் உச்ச பிக்குகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன என்று காட்டியது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு பழைய சம்பள முறைக் காலத்தது. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டுமே 5 கோடி டாலர். 2011இல் புது ஒப்பந்த முறை வந்ததும், கேம் நியூட்டனின் நான்கு ஆண்டு மொத்தமே 2.2 கோடி டாலர்தான். இப்போது உச்ச பிக்கின் உண்மையான பரிசு, மலிவான சம்பளத்தில் நான்கு ஆண்டும், அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் கிடைக்கும் குவார்ட்டர்பேக்.

குவார்ட்டர்பேக் கேள்வி

ஆகவே அடுத்த கேள்வி இரண்டு பகுதி. உங்களுக்குக் குவார்ட்டர்பேக் வேண்டுமா? இந்த ஆண்டு ஒரே ஒருவர்தான் தனித்து நிற்கிறாரா, இல்லை இரண்டு மூன்று பேர் கிட்டத்தட்ட சமமா?

ஒருவர்தான் என்றால் தோல்வி விலைபோகும். 2020 ஜெட்ஸ் வென்ற இரண்டு ஆட்டங்களுக்குக் கொடுத்த விலை டிரெவர் லாரன்ஸ். இரண்டாவது இடத்தில் எடுத்த ஸாக் வில்சன் நிலைக்கவில்லை.

சமம் என்றால் கதை வேறு. 2022 சீசனின் கடைசி நாளில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ், நான்காவது டவுனில் (கடைசி முயற்சியில்) 20 யார்டு தேவைப்பட்ட நிலையிலிருந்து டச்டவுன் அடித்து, இரண்டு புள்ளி முயற்சியிலும் வென்று, கோல்ட்ஸை 32-31 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியால் முதல் பிக் கைநழுவி பேர்ஸுக்குப் போய், அங்கிருந்து பேந்தர்ஸுக்குப் போனது. பேந்தர்ஸ் பிரைஸ் யங்கை எடுத்தது. டெக்ஸன்ஸ் இரண்டாவதாக எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட், முதல் சீசனிலேயே அணியை 10-7 ஆக்கிப் பிளேஆஃப் கொண்டுபோனார். நட்சத்திர குவார்ட்டர்பேக்குகளில் பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது பிக், ஜாஷ் ஆலன் ஏழாவது, லமார் ஜாக்சன் 32ஆவது என்பதையும் மறக்க வேண்டாம்.

தோற்பது யார், எப்படி, எங்கே சொதப்பும்

ஆட்டக்காரர்கள் தோற்க மாட்டார்கள். அவர்களின் ஒவ்வொரு ஆட்டப் பதிவும் அடுத்த வேலைக்கான விண்ணப்பம். ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகை இலக்குகள் வேறு. ஏப்ரலில் வரும் புதியவர் அவர்களுடைய இடத்தைத்தான் பிடிக்கப் போகிறார். பயிற்சியாளருக்கும் அடுத்த ஆண்டு உத்தரவாதமில்லை. தோல்வியால் லாபம் பெறுபவர் பொது மேலாளரும் உரிமையாளரும் மட்டுமே, அவர்கள் கையில் இருப்பது ஆடுவோர் பட்டியல்: வலியோடு ஆடும் மூத்தவர்களை ஓய்வில் வைப்பது, காயப் பட்டியலில் சேர்ப்பது (குறைந்தது 4 ஆட்டம், கடைசி நான்கு வாரத்தில் சேர்த்தால் சீசன் முடிந்தது), இளையவர்களை இறக்குவது.

அதற்கு மேல் போனால் விலை உண்டு. 2020 சீசனின் கடைசி ஆட்டத்தில், வாஷிங்டனிடம் மூன்று புள்ளி மட்டும் பின்தங்கியிருந்தபோது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே எடுத்து மாற்று ஆட்டக்காரர் நேட் சட்ஃபெல்டை இறக்கியது. தோற்று, ஒன்பதாவது இடத்திலிருந்து ஆறுக்கு ஏறியது: அட்டவணைப்படி 250 புள்ளி. அந்த ஆறாவது பிக்கை மயாமியிடம் கொடுத்து, 12ஆவது பிக்கோடு அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கையும் வாங்கியது. லாபம் உண்மையானதுதான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த நாடே கரித்துக்கொட்டியது. பயிற்சியாளர் டக் பீடர்சன் எட்டு நாளில் வேலையிழந்தார்.

மாற்று ஆட்டக்காரரை இறக்கினால் தோல்வி நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். 2024 சீசனின் கடைசி வாரத்தில் முதல் பிக்கோடு களமிறங்கிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், டிரேக் மேயைத் தொடக்கத்திலேயே உட்காரவைத்து ஜோ மில்ட்டனை இறக்கியது. எதிரே பஃபலோவும் முக்கிய ஆட்டக்காரர்களை ஓய்வில் வைத்திருந்தது. மில்ட்டன் 23-16 என்று ஜெயித்துக் கொடுத்துவிட்டார். பிக் ஒன்றிலிருந்து நான்குக்கு விழுந்தது: 1200 புள்ளி. ஜெயித்த பயிற்சியாளர் ஜெராட் மேயோ அன்றே நீக்கப்பட்டார்.

எங்கள் கணிப்பில், வித்தியாசம் 100 புள்ளிக்குள் என்றால் முழு பலத்தோடு ஆடுங்கள். 100 முதல் 400 வரை என்றால் காயம் உள்ளவர்களை மட்டும் ஓய்வில் வைத்து, மற்றதை ஆட்டத்துக்கு விடுங்கள். 400ஐத் தாண்டி, தனித்து நிற்கும் குவார்ட்டர்பேக்கும் இருந்து, உங்களுக்கு அவர் தேவையும் என்றால், 15ஆம் வாரத்திலேயே இளையவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். நான்காம் குவார்ட்டரில் மாற்றினால்தான் சந்தேகம் வரும்.

இரண்டாம் இடத்துக்கு விழுந்தாலும் ஏப்ரல் வரை காத்திருங்கள். 2011 சீசனில் கோல்ட்ஸும் ராம்ஸும் 2-14 என்று சமமாக முடித்தன. சமன் விதியால் முதல் பிக்கும் அதில் எடுத்த குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கும் கோல்ட்ஸுக்கு. ராம்ஸ் தன் இரண்டாவது பிக்கை வாஷிங்டனுக்கு விற்று, மூன்று முதல் சுற்று பிக்குகளையும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கையும் வாங்கியது.