ஒரு ஒழுங்கை, 20 பேர்: கொழும்பில் மாதச் சாப்பாட்டுத் தொழிலுக்குக் குறைந்த செலவில் ஆள் சேர்ப்பது எப்படி?

வெள்ளவத்தையில் வீட்டில் சமைத்து, மாதக் கணக்கில் மதியச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியபோது, 1,000 துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் காலி வீதியின் இரு பக்கமும் தெஹிவளை வரை கொடுத்தேன். அழைப்புகள் வந்தன. ஒன்று இரத்மலானையிலிருந்து, ஒன்று பொரளையிலிருந்து, இன்னொன்று கொட்டாஞ்சேனையிலிருந்து. எல்லோருக்கும் சரி என்றேன். மாதம் முடிந்து கணக்குப் பார்த்தால், எனக்கு மிஞ்சியதைவிட ஓட்டோவுக்குக் கொடுத்த காசு கூட. சமையலைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஆள் சேர்த்த விதம்தான் பிழை.

இந்தத் தொழிலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, அவர்கள் எவ்வளவு அருகருகே இருக்கிறார்கள் என்பது முக்கியம். ஓட்டோவுக்கு ஒரு தடவை 400 ரூபா என்று வையுங்கள். அதில் 4 பார்சல் போனால் ஒவ்வொன்றின் தலையிலும் 100 ரூபா விழுகிறது. 16 பார்சல் போனால் 25 ரூபாதான். ஆகவே கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் இலக்கு ஒன்றுதான்: ஒரே ஒழுங்கையில், முடிந்தால் ஒரே கட்டடத்தில், முதல் 20 பேர்.

தொடங்க முன்

விளம்பரத்துக்கு முன் இரண்டு வேலை. பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதற்கு என்ன தேவை என்று கேளுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, வீட்டுச் சமையலறையில் என்னென்ன சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் சமைத்து விற்பவருக்கும் பொருந்தும். பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, "சமையலறை சுத்தமா?" என்று கேட்பவருக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். அந்தத் தைரியம் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

படி 1: ஒழுங்கையைத் தெரிவு செய்யுங்கள்

மூன்று நாள், பகல் 11.30 முதல் 1 மணி வரை, உங்கள் வீட்டிலிருந்து 10 நிமிட நடைக்குள் நடந்து பாருங்கள். எந்தக் கட்டடத்துக்குள் சாப்பாட்டுப் பார்சல் போகிறது, எந்தக் கடையில் வரிசை நிற்கிறது, அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எதை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று கவனியுங்கள். வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி ஐயாவோடு கதையுங்கள். அந்தக் கட்டடத்தில் யார் வெளியே சாப்பிடுகிறார்கள், யார் இருந்த பார்சலை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் மூன்று வகை ஆட்களைப் பார்ப்பீர்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று வெளியூர்களிலிருந்து வந்து அனெக்ஸில் தங்கி வேலை செய்பவர்கள். அலுவலகத்தில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து சாப்பிடுபவர்கள். மூன்றாவது வகையை நான் முதலில் கவனிக்கவே இல்லை: பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தொடர்மாடியில் தனியாக இருக்கும் பெற்றோர். இந்த மூன்றாவது வகையில் சாப்பிடுபவர் ஒருவர், காசு கட்டுபவர் இன்னொருவர். அதனால் இவர்களுக்குச் சொல்லும் விதமும் வேறு. அதைப் படி 4இல் சொல்கிறேன்.

படி 2: கிழமைப் பட்டியலை முதலே எழுதுங்கள்

மாதக் காசு முன்கூட்டியே கட்டுபவர் நாளைக்கு என்ன சாப்பாடு என்று தெரிந்துகொள்ள விரும்புவார். ஞாயிறு பின்னேரம் அந்தக் கிழமைக்கான பட்டியலை வெளியிடுங்கள். "சோறும் 4 கறியும்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் வாயூறாது. இப்படி எழுதுங்கள்: "புதன்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பாரை மீன் குழம்பு, ஒரு அப்பளம்."

நாட்களைக் கவனித்துப் போடுங்கள். செவ்வாய், வெள்ளி பல வீடுகளில் சைவம். போயாவன்று அலுவலகங்கள் மூடியிருக்கும், இறைச்சிக் கடைகளும் திறக்காது. கந்தசஷ்டியின் 6 நாளும் சிலர் விரதம், பலர் சைவம். தவக்காலத்து வெள்ளிகளில் கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்திவைப்பார்கள். இதையெல்லாம் அவர்கள் கேட்கும்முன் நீங்களே பட்டியலில் குறித்திருந்தால், "இவர்களுக்கு நம் வீட்டு நடப்பு தெரியும்" என்ற எண்ணம் வரும்.

படி 3: வட்ஸ்அப் பிசினஸ்

இது இலவசம். வீட்டு இலக்கத்தில் போடாமல் தனி சிம் ஒன்றில் போடுங்கள். இரவு 10 மணிக்கு "நாளைக்கு எனக்கு வேண்டாம்" என்று வரும் செய்தியும், உறவுக்காரரின் காலை வணக்கமும் ஒரே இடத்தில் கலந்தால் ஒரு பார்சல் தவறும்.

அதில் நான்கு விடயத்தைச் செய்தால் போதும். வரவேற்புச் செய்தியை எழுதுங்கள். கற்றலொக்கில் (விற்பதைக் காட்டும் பட்டியலில்) "5 நாள் சைவம்", "5 நாள் அசைவம்", "மாதம் முழுதும்" என்று மூன்றை மட்டும் போடுங்கள். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குக் குறும்பதில்களைச் சேமியுங்கள். லேபலில் "புதிது", "நடக்கிறது", "இந்தக் கிழமை முடிகிறது", "நிறுத்தியவர்" என்று பிரியுங்கள். கடைசி இரண்டு லேபலும் உங்களுக்குப் பின்னால் நிறையக் காசு மிச்சப்படுத்தித் தரும்.

என் வரவேற்புச் செய்தி இது. எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். எங்கள் வீட்டில் சமைத்த மதியச் சாப்பாடு, திங்கள் முதல் வெள்ளி வரை, 12 மணிக்கு முன் உங்கள் வாசலில். விரும்பினால் செவ்வாயும் வெள்ளியும் சைவம். 5 நாளுக்கு 2,250 ரூபா. உங்கள் கட்டடத்தின் பெயரையும் மாடியையும் அனுப்புங்கள், இந்தக் கிழமைப் பட்டியலை அனுப்புகிறேன்."

கட்டடத்தின் பெயரை முதலிலேயே கேட்பது காரணத்தோடுதான். அந்தப் பதிலைப் பார்த்தே, எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். வெளியே இருப்பவருக்கு, "அந்தப் பக்கம் இன்னும் தொடங்கவில்லை, தொடங்கியதும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்" என்று எழுதி, பெயரைக் குறித்துவையுங்கள். இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லுங்கள்.

அலுவலகக் கட்டடம் என்றால் அதே செய்தியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்திருங்கள். ஒரு மேசையில் சாப்பிடும் ஆறு பேரும் தமிழராக இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: வட்ஸ்அப் பிரோட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புவது) உங்கள் இலக்கத்தைச் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே முதல் பார்சலிலேயே "இந்த இலக்கத்தைச் சேமியுங்கள், பட்டியல் ஞாயிறன்று வரும்" என்று ஒரு துண்டு வையுங்கள்.

படி 4: முதல் 10 பேர், காசுக்குத்தான்

ஒரு அலுவலகத்துக்கு 15 பார்சல் இலவசமாகக் கொடுத்தேன். எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள், ஒருவரும் சேரவில்லை. ஒரு நாள் இலவசச் சாப்பாட்டை விருந்தாக எடுத்துக்கொள்வார்கள். மாதம் முழுதும் சாப்பிட முடியுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. பிறகு இலவசத்தை விட்டுவிட்டு, 5 நாள் பரீட்சார்த்தக் கிழமையை முழு விலைக்கே விற்றேன். ஒரு வாக்குறுதி மட்டும் கூடச் சொன்னேன்: பிடிக்காவிட்டால் புதன்கிழமை சொல்லுங்கள், மிச்ச 2 நாள் காசைத் திருப்பித் தருகிறேன். அப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது மிகக் குறைவு. ஐந்து நாள் சாப்பிட்டவருக்கு ஆறாவது நாள் கடைக்குப் போய் வரிசையில் நிற்கப் பஞ்சியாகிவிடும்.

இதை விற்க நல்ல நேரம், சம்பளம் வரும் 25ஆம் திகதியை ஒட்டிய நாட்கள். கிழமைக்குள் என்றால் வியாழன், வெள்ளி.

இப்போது அந்த மூன்றாவது வகை. எங்கள் ஒழுங்கையில் நான்காம் மாடியில் ஒரு அம்மா தனியாக இருக்கிறா. காசு கட்டுபவர் டொரொண்டோவில் இருக்கும் மகள். பார்சலைக் கொடுத்ததும் மகளுக்கு ஒரு வரி போடுவேன்: "அம்மாவிடம் கொடுத்தாச்சு. இன்று முருங்கைக்காய்க் கறி." அங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும், விழித்ததும் பார்ப்பார். ஒரு நாள், "அம்மா கதவு திறக்கச் சுணங்கினா, கால் நோகுதாம்" என்று எழுதினேன். அன்றே மகள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, அம்மாவை வைத்தியரிடம் அனுப்பிவைத்தார். அடுத்த கிழமை அதே கட்டடத்தில் பெற்றோர் இருக்கும் இன்னும் இரண்டு பேர், ஒருவர் லண்டனிலிருந்து, ஒருவர் மெல்பேர்னிலிருந்து, எழுதினார்கள். அந்த ஒரு வரிக்கு எனக்கு ஆன செலவு அரை நிமிடம். வயதானவர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இதை விளம்பர உத்தியாக மட்டும் செய்யாதீர்கள். உண்மையாகவே பார்த்து, உண்மையாகவே எழுதுங்கள். அவர்களின் படத்தையோ கதவிலக்கத்தையோ ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

படி 5: பார்சல்தான் உங்கள் விளம்பரப் பலகை

மதியம் 12.30க்கு ஒரு அலுவலக மேசையில் உங்கள் பார்சல் திறக்கப்படுகிறது. சுற்றியிருக்கும் ஐந்து பேர் பார்க்கிறார்கள், வாசம் பிடிக்கிறார்கள். இதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டுச் சோற்றோடு சேர்ந்து வரும் அந்த இலை வாசம் அறை முழுக்கப் போகும். ரெஜிபோம் பெட்டி 2017 செப்டெம்பரிலிருந்து தடை, அதைத் தேடிப் போகாதீர்கள். இலையை வாட்டாமல் மடித்தால் கீறிக் குழம்பு ஒழுகும். மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் காட்டி, நிறம் கடும் பச்சையாக மாறியதும் எடுங்கள். மீன் குழம்பைத் தனியாக, இறுக மூடிய சிறு டப்பாவில் வையுங்கள். கோப்பில் எண்ணெய் பட்டவர் இரண்டாம் மாதம் வரமாட்டார்.

மேலே சிறு ஸ்டிக்கர்: உங்கள் வியாபாரப் பெயர், வட்ஸ்அப் இலக்கம், கியூஆர் குறி, அன்றைய திகதி. சாப்பிடுபவரின் பெயரைப் பேனையால் கையாலே எழுதுங்கள்.

படி 6: ஒருவர் இன்னொருவரைக் கூட்டி வருவது

"உங்கள் கட்டடத்திலிருந்து ஒருவரைச் சேர்த்தால், உங்கள் இருவருக்கும் ஒரு நாள் சாப்பாடு கூட." இந்த ஒரு வரியை வெள்ளிக்கிழமைப் பார்சலில் வையுங்கள். காசுத் தள்ளுபடி வேண்டாம். ஒரு நாள் விலையான 450 ரூபாவைக் குறைத்தால் 450ம் போகும். ஒரு சாப்பாட்டைக் கூடக் கொடுத்தால் சமையல் செலவு மட்டும்தான் போகும். அதோடு, ஒருமுறை குறைத்த விலையை மீண்டும் ஏற்றுவது சங்கடம்.

"உங்கள் கட்டடத்திலிருந்து" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதில்லாவிட்டால் மருதானையில் இருக்கும் மச்சானைச் சேர்த்துவிடுவார்கள்.

படி 7: வெளி விளம்பரம், கொஞ்சமாக

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வீட்டு விலாசத்தை மறைத்து, கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதியை மட்டும் காட்டலாம். திருப்தியான வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

துண்டுப்பிரசுரம் என்றால் 100 போதும். உங்கள் ஒழுங்கையின் மருந்துக்கடை, பலசரக்குக் கடை, சலவைக்கடை, தொடர்மாடி அறிவித்தல் பலகை, எல்லாம் கேட்டு அனுமதி வாங்கி.

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுவதை 15 பேர் சேர்ந்த பிறகு பாருங்கள். போடும்போது உங்கள் பகுதியை மட்டும் வட்டமிட்டு, அழுத்தினால் நேரே வட்ஸ்அப்புக்கு வரும்படி வையுங்கள். படத்தை ஜன்னலோரம், காலை 11 மணி வெளிச்சத்தில், இலையைத் திறந்தபடி எடுங்கள். இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டால், முதல் நாளே ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஊபர் ஈட்ஸ், பிக்மீ ஃபூட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு போகும், வாங்கியவரின் இலக்கமும் உங்கள் கையில் நிற்காது. ஒருநாள் சாப்பாடு விற்க அவை நல்லவை. மாதச் சாப்பாட்டுக்கு, தொடக்கத்தில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 8: இரண்டாம் மாதம்

புதிதாக ஒருவரைத் தேடுவதைவிட இருப்பவரை வைத்திருப்பது மலிவு. முடிவதற்கு 2 நாள் முன் செய்தி அனுப்புங்கள், முடிந்த பிறகு அல்ல. நிறுத்திவைக்கும் வசதி கட்டாயம் கொடுங்கள். தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள்ளும் நத்தாருக்கும் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் அந்த நாளைக் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், ஊருக்குப் போகுமுன் நிறுத்துவார்கள், திரும்பி வந்ததும் மறந்துவிடுவார்கள்.

நிறுத்தியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது சரிவரவில்லை?" வாதாடாமல் பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். என் கொப்பியில் முதல் 6 பதில்களில் 4, "சோறு கூட, கறி குறைவு." அடுத்த திங்களே கரண்டியை மாற்றினேன்.

கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னொன்றையும் எழுதுங்கள்: எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது. பார்சலைப் பார்த்தா, நண்பர் சொல்லியா, ஸ்டிக்கரிலா, பேஸ்புக்கிலா. 20 பெயர் ஆனதும் எண்ணிப் பாருங்கள். எந்த வழியில் ஆள் அதிகம் வந்தார்களோ, அடுத்த மாதக் காசையும் நேரத்தையும் அதற்கே கொடுங்கள். அப்புறம், அந்த "இன்னும் தொடங்கவில்லை" பட்டியலை எடுங்கள். எந்த ஒழுங்கையிலிருந்து ஐந்து பெயராவது இருக்கிறதோ, அங்கே படி 1இலிருந்து தொடங்குங்கள்.