எந்தத் தலைவலி? வலிக்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்

தலைவலி என்றதும் எல்லோரும் கேட்பது "எந்தப் பக்கம்?" என்றுதான். அந்தப் பதில் பல நேரம் ஏமாற்றும். ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் இரண்டு பக்கமும் வரலாம், பிடரியிலும் வரலாம். வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது உங்களுக்கு என்ன செய்யத் தோன்றுகிறது, கூடவே வேறென்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வகை பிடிபட்டுவிடும்.

வகை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத தலைவலிகளும் உண்டு. ஒரே நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் மரத்துப்போவது, பேச்சு குளறுவது, குழப்பம், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, கண் சிவந்து பார்வை மங்கி வாந்தி வருவது ஆகியவையும் அவசர அறிகுறிகள்தான். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு கடுமையாக வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மிகச் சாதாரணமானது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியதுபோல் இரு பக்கமும் அழுத்தும். அரை மணி நேரத்தில் விடலாம், ஏழு நாள் இழுக்கவும் செய்யலாம். எரிச்சலோடாவது வேலையைத் தொடர முடியும், மாடிப்படி ஏறினால் வலி அதிகமாகாது, வாந்தி இராது. கழுத்து, தோள் தசைகளை அழுத்தினால் நோவு தெரியும்.

மைக்ரேன் வேலை செய்ய விடாது. விண்விண்ணென்று தெறிக்கும். குனிந்தால், நடந்தால் கூடும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, குமட்டும். இருட்டறையில் அசையாமல் படுக்கத்தான் தோன்றும். மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னும் வளைகோடுகள் தெரியும், அல்லது விரலில் தொடங்கி முகம்வரை மெல்ல மதமதப்பு ஏறும். ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடம் இருக்கும். படிப்படியாகப் பரவுவதுதான் மைக்ரேனின் அடையாளம். பக்கவாதம் பெரும்பாலும் சட்டென வரும். முதல்முறை வந்தால் இந்த வேறுபாட்டை வீட்டிலேயே அலசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"சைனஸ் தலைவலி" என்று பலர் சொல்வது உண்மையில் மைக்ரேன்தான். மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கன்னமும் நெற்றியும் கனக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி வரும், வாசனை மட்டுப்படும், காய்ச்சலும் இருக்கலாம். மூக்கில் தெளிந்த நீர் மட்டும் வடிந்து, வெளிச்சமும் கூசி, குமட்டலும் இருந்தால் மைக்ரேனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிளஸ்டர் தலைவலி அரிது, ஆனால் கொடூரம். ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் குத்தும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும், இமை தொங்கும், அதே பக்க மூக்கு அடைக்கும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம்வரை இருக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரும், பெரும்பாலும் தூக்கத்தில், தினமும் ஒரே நேரத்தில். மைக்ரேன்காரர் படுத்துவிடுவார், இவரால் உட்காரவே முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். சாதாரண வலி மாத்திரை வேலை செய்வதற்குள் தாக்குதலே முடிந்துவிடும். இதற்கான சிகிச்சை வேறு.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். தாமதித்தால் பார்வை போகும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையே தலைவலியை உண்டாக்குவதும் உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், டிரிப்டான் எனப்படும் மைக்ரேன் மாத்திரைகளை அல்லது பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மருந்து இறங்கும்போது வலி திரும்பும். அதற்கு மீண்டும் மாத்திரை. தலைவலி அடிக்கடி வருகிறவர்கள் இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு நோட்டு போதும். வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பத்துக்கு எத்தனை வலி, குமட்டல் உண்டா, படுத்தீர்களா நடந்தீர்களா, என்ன மாத்திரை, எத்தனை என்று குறியுங்கள். பெண்கள் மாதவிடாய் நாளையும் சேர்க்கலாம். நான்கு வாரக் குறிப்போடு மருத்துவரிடம் போனால், பல நேரம் ஸ்கேன் எடுக்காமலே வகையைச் சொல்லிவிட முடியும்.