ஜிபான் லைனில் முன்னுரிமை: புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் புளியரையில் ஓ.எல்.டி (ஒரே ஃபைபர் இழையிலிருந்து பல வீடுகளுக்கு இணையம் பிரிக்கும் ஜிபான் லைனின் தலைமைப் பெட்டி) முன்னால் உட்கார்ந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணாச்சி, எல்லா வீட்டுக்கும் ஃபிக்ஸ்டு பேண்ட்விட்த் கொடுத்துட்டா சண்டையே வராதுல்லா?" எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் நினைத்தேன். கனெக்டர் துடைப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

எல்லாருக்கும் ஃபிக்ஸ்டு

ஜிபானில் கீழே, அதாவது வீட்டுக்கு, இறங்குவது நொடிக்கு 2.488 ஜிகாபிட்; வீட்டிலிருந்து மேலே ஏறுவது 1.244 தான். மேலே ஏறும்போது எல்லா வீடும் ஒரே இழையில் முறை வைத்துத்தான் அனுப்ப முடியும். 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு சட்டம் (ஃபிரேம்). அதில் யாருக்கு எப்போது என்று ஓ.எல்.டி சொல்லும். குண்டாறு பாசனத்தில் மடைக்கு முறை வைக்கிற மாதிரிதான். டி-கான்ட் (மேலே அனுப்ப ஒரு வீட்டுக்கு ஒதுக்கும் முறை) முதல் வகை, அதாவது ஃபிக்ஸ்டு என்றால், வயலில் பயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த முறை அவருக்கே. அடுத்த வயலுக்குத் திருப்ப முடியாது.

நான் வீட்டுக்கு 20 மெகாபிட் ஃபிக்ஸ்டு போட்டேன். 60 வீட்டுக்கே 1200 போய்விட்டது. அடுத்த வீட்டைச் சேர்க்கப் போனால் ஓ.எல்.டி ஏற்கவில்லை. போர்ட் நிறைந்துவிட்டது என்று நம்பி, கடன் வாங்கிப் புது கார்டு போட்டேன். பிறகுதான் கிராஃபைப் பார்த்தேன். மாலை எட்டு மணிக்கும் மேலே ஏறியது 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. குடும்பத்தோடு வளைகுடா போய்விட்டவர்களின் பூட்டிய வீடுகளுக்கும் இரவு பகலாக முறை ஓடிக்கொண்டிருந்தது.

அதே லைனில் ஒரு ஸ்டூடியோக்காரர், 100 மெகாபிட் பிளான். கொல்லத்தில் ஆல்பம் அடிக்கிற இடத்துக்கு 40 ஜிபி அனுப்ப அவருக்கு நாலரை மணி நேரம் ஆனது. லைன் காலியாகக் கிடந்தும் 20-க்கு மேல் ஏறவில்லை. முகூர்த்த மாதத்தில் அவர் வேறு லைனுக்கு மாறிவிட்டார். இன்னும் அந்தக் கடை வழியாகப் போனால் எனக்கு மனசு கேட்காது.

ஃபிக்ஸ்டு குரலுக்கு மட்டும் போதும். ஜி.711 (குரலை எண்ணாக மாற்றும் முறை) அழைப்பு ஒன்றுக்கு, தலைப்புகளெல்லாம் சேர்த்து 100 கிலோபிட்டுக்குள் அடங்கும். வீட்டுக்கு 256 கிலோபிட் என்றாலும் 64 வீட்டுக்கு 17 மெகாபிட்கூட வராது. இணையத்துக்கு மூன்றாம் வகை: 5 மெகாபிட் உறுதி, உச்சம் பிளான் அளவு. உறுதிக்கு மொத்தம் 320. மீதியை யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஓ.எல்.டி பிரித்துக் கொடுக்கும்.

வீட்டு ரூட்டர் ஒட்டும் 46-ஐ நம்புவது

நம்பாதீர்கள். 46 என்பது 'இது குரல், முதலில் விடு' என்று பாக்கெட்டில் ஒட்டும் முன்னுரிமை எண். ஓ.என்.டி-யில் (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) அதை அழித்துவிட்டு நீங்கள் போடுங்கள்.

கேமராவை உச்ச வரிசையில் வைப்பது

ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டியில் மேல் வரிசை காலியானால்தான் கீழ் வரிசைக்கு வழி கிடைக்கும். கடைத்தெருக் கேமராக்கள் ஓயவே ஓயாது. அவற்றை வெயிட் கொடுத்த (பங்கு வைத்துப் பிரிக்கும்) வரிசையில் வையுங்கள்; உச்சம் குரலுக்கு.

காலை பதினோரு மணிக்குச் சோதிப்பது

நெரிசல் இல்லாதபோது முன்னுரிமை வேலையே செய்யாது. இரவு எட்டரைக்கு உட்காருங்கள்.

வெளிச்சம் பார்க்காமல் வரிசையைத் தொடுவது

மலையடிவார மழையில் ஜாயிண்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். பி பிளஸ் ரக ஆப்டிக்கில் ஓ.என்.டி-க்கு வந்து சேரும் வெளிச்சத்துக்கு மைனஸ் 27 டிபிஎம் கீழ் எல்லை. அதை ஒட்டி நிற்கிற வீட்டில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், பவர் மீட்டரோடு கம்பம் ஏறுங்கள்.