வாளியில் செத்துப்போகும் மீன்கள்: தூண்டில் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது எங்கள் வாளியில் பதினொரு மீன்கள் கிடந்தன. எல்லாம் விரல் நீளம்தான். காலையில் பிடித்து, 'இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று போட்டுவைத்தவை. வெயில் ஏற ஏற வாளித் தண்ணீர் சூடானது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலையில் வயிறு வெளுப்பாகத் தெரிய மிதந்தன. சமைக்க ஆகாது, திரும்ப விட்டும் பயனில்லை. நண்பர் வாளியைப் புதருக்குள் கவிழ்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேண்டுமென்றே மீனை வீணாக்குகிறவர்கள் குறைவு. கொண்டுபோவதா விடுவதா என்று முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். மீன் தூண்டிலில் மாட்டிய பிறகு யோசிப்பது தாமதம். எத்தனை மீன், எந்த அளவு, எந்த வகை என்பது முள்ளில் இரை கோக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் குறைந்தபட்ச நீளத்துக்கும் ஒரு நாள் எண்ணிக்கைக்கும் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு வரை பிடித்தே ஆகவேண்டும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. நான் இப்போது வாளி எடுத்துப்போவதில்லை. ஐஸ் பெட்டியும் குறடும் போதும்.

'எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், என்ன தப்பு?' என்பது அடுத்த நினைப்பு. விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. சுவிட்சர்லாந்தில், திரும்ப விடும் எண்ணத்தோடே தூண்டில் போடுவதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் தேவைக்குப் பிடித்தாயிற்று என்றால் தூண்டிலை மடக்குவதுதான் நேர்மை என்பது என் கட்சி.

விடப்போகும் மீனிடம் நடக்கும் தவறுகளே அதிகம். மீன் உடம்பில் இருக்கும் வழவழப்பு, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். காய்ந்த கையாலோ துணியாலோ அழுத்திப் பிடித்தால், சூடான மணலில் போட்டால், அது உரிந்துவிடும். மீன் நீந்திப் போய்விடும். சில நாள் கழித்துப் புண் வந்து சாகக்கூடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்கத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள், எப்போது போதும் என்று தெரியும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது, வயிற்றுக்கும் கை கொடுக்க வேண்டும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

முள்ளை விழுங்கிவிட்டதா? இழுத்துப் பிடுங்கினால் குடலோ செவுளோ கிழியும். வாய்க்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பை, அதாவது முள் கட்டிய நூலை, அறுத்துவிடுவதே மேல். அப்படி விட்ட மீன்கள் அதிகம் பிழைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள் போட்டால் இந்தச் சிக்கலே குறையும், அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். முள் நுனியில் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் நொடி வேலை.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை வெகுநேரம் ஆட்டம் காட்டுவதைச் சிலர் திறமை என்கிறார்கள். மீனின் தசையில் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம்: 30 டிகிரி தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜன், உறைநிலைத் தண்ணீரில் கரைவதில் ஏறக்குறைய பாதிதான். விட்டதும் நீந்திப் போகிற மீன் சில மணி நேரம் கழித்து ஆழத்தில் செத்துக்கிடக்கலாம், நமக்குத் தெரியவராது.

ஆழத்திலிருந்து இழுக்கும் மீனுக்கு வேறு ஆபத்து. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு. வேகமாக மேலே வரும்போது மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பான காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. குத்தாதீர்கள். எடை கட்டி ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் திரும்ப விடுவதற்கென்று ஆழமான இடத்தில் பிடிப்பதில் பொருளே இல்லை.

சரி, கொண்டுபோகும் மீன். தரையில் துடித்துச் சாகவிடுவது கொடுமை, ருசிக்கும் கேடு. துடிக்கத் துடிக்கச் சதையின் சக்தி தீர்ந்து தரம் இறங்கும். ஜப்பானின் இக்கெஜிமே முறையில் மூளையில் குத்தி நொடியில் கொல்வது அதனால்தான். அது கைவராவிட்டால் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலைமேல் கனமான கட்டையால் ஓங்கி ஓர் அடி, பிறகு செவுளை அறுத்து ரத்தம் வடிப்பது, உடனே ஐஸ். வெறும் ஐஸ் கட்டியைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் மீனைச் சுற்றிலும் தொட்டுச் சீக்கிரம் குளிர்விக்கும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் போட்டுவைத்தால் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. இப்படிக் கெடுத்த மீனும் வீணான மீன்தான்.

'பெரிசு கிடைத்தால் விடாதே' என்பதும் யோசிக்க வேண்டியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 30 கிலோ எடையுள்ள குளிர்க்கடலில் வாழும் ஒரே ஒரு பெண் காட் மீன், தலா 2 கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டையிடும். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவாக்களையே பொறுக்கி எடுத்தால் பெண் மீன்களே அருகிவிடும். நடுத்தர அளவை எடுத்துக்கொண்டு பெரியதை விடுவது குளத்துக்கும் கடலுக்கும் நல்லது.

வேண்டாத மீன் மாட்டினால் கரையில் எறிந்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு எரிச்சலைத் தரும். அந்தத் தண்ணீருக்கு உரிய மீன் என்றால் திரும்பப் போகட்டும். வெளியிலிருந்து வந்து பரவிய, சட்டப்படி திரும்ப விடக் கூடாத வகை என்றால் உடனே கொன்று, சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

அறுந்த நரம்பையும் தூண்டிலில் எடைக்குக் கட்டும் ஈயக்குண்டையும் விட்டுப்போவதும் இதே கணக்குதான். பிரிட்டனில் அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி விஷமேறிச் செத்ததால் 1987இல் பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். நரம்பு சிக்கிய பறவையின் கால் இறுகி அழுகிவிடும். அறுந்த நரம்பைச் சுற்றிப் பையில் போட அரை நிமிடம்கூட ஆகாது.