ஏற்காட்டுக் குளிருக்குத் தடி ஸ்வெட்டர் வேண்டாம்

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை பைக்கில் ஏற்காடு ஏறுகிறீர்களா? தடி ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு, உடம்போடு ஒட்டின பாலியஸ்டர் டீ-ஷர்ட், அதன்மேல் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு என்று மூன்றாகப் போடுங்கள்.

சூட்டைப் பிடித்து வைப்பது துணியின் கனத்தைவிட அடுக்குகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான். வெறும் ஸ்வெட்டர் என்றால் பைக் வேகத்தில் அடிக்கிற எதிர்க்காற்று பின்னலின் கண் வழியே புகுந்து அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும், மழைக்கோட்டு அதை வெளியிலேயே நிறுத்தும். சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டர் போல உயரம், அதனால் ஏழெட்டு டிகிரி குறையும். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும், 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய் பைக்கை விட்டு இறங்கி நிற்கும்போது முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி சில்லிடும்.

ஆனால் மேலே போய் சேர்வராயன் கோயில் பக்கம் ஏறி நடப்பதாக இருந்தால் இது ஒத்துவராது. மழைக்கோட்டுக்குள் வெந்துவிடுவீர்கள், முதலில் அதைக் கழற்றி முதுகுப்பையில் திணியுங்கள். அப்புறம், டீ-ஷர்ட்டுக்கு மேல் போடும் அடுக்குகள் இறுக்கிப் பிடித்தாலும் பலனில்லை, ஸ்வெட்டர் கொஞ்சம் தொளதொளவென்றே இருக்கட்டும்.